மடை திறக்கும் சொல்

என் பெயர் வேண்டாம்.

இப்படிச் சொன்னதும், பெயர் சொல்ல எனக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு, "பரவாயில்லைங்க, ஊராவது சொல்லுங்க" என்று கேட்டவர்கள் உண்டு. உண்மையில் விருப்பமில்லாமல் இருந்தவர் என் அப்பா. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டது. அடுத்ததாவது ஆணாக இருக்கட்டும் என்று எங்கள் பக்கத்து வழக்கப்படி சாமிக்குப் புரிகிற மாதிரி இந்தப் பெயரை வைத்தார். அடுத்துத் தம்பி பிறந்தான். சாமிக்குக் காது நன்றாகவே கேட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என் வகுப்பிலேயே இன்னொரு வேண்டாமும் ஒரு போதும்பொண்ணும் இருந்தார்கள். வாத்தியார் வருகைப் பதிவேட்டைப் பார்த்து "வேண்டாம்" என்று கூப்பிடும்போதெல்லாம் கடைசி பெஞ்சிலிருந்து எவனாவது, "அப்ப விட்டுருங்க சார்" என்பான்.

ஓசூரில் ரோஜா ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லோரும் என்னை வேணி ஆக்கினார்கள். குளிர் அறைதான் என் இடம். வெளிநாட்டுக்குப் போகிற மொட்டுகள் அங்கே போய்ச் சேரும்வரை மலர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த அறையின் குளிர்சாதனத்தைப் பழுது பார்க்க வந்தவன்தான் தயாளன்.

"வேணின்னா? கிருஷ்ணவேணியா, நாகவேணியா?"

"வேண்டாம்."

"சரிங்க, சொல்ல வேணாம்."

"பேரே அதாங்க."

அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த திருகாணியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. யாரும் மறக்க மாட்டாங்க" என்றான். அன்றிலிருந்து என்னை முழுப் பெயரால் கூப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான். பெண் கேட்டு வந்தபோது அப்பாவிடம், "எனக்கு வேண்டாம்தான் வேணும் மாமா" என்றான். பையன் குடித்துவிட்டு வந்திருக்கிறானா என்று அப்பா அம்மாவைக் கேட்டார்.

கல்யாணமான புதிதில் குழந்தையைத் தள்ளிப்போட நினைத்தோம். எனக்கு ஒரு தலைவலி உண்டு. வருவதற்கு முன் கண்ணோரத்தில் வெள்ளி ஜரிகை ஒன்று நெளியும். பிறகு வார்த்தைகள் போய்விடும். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு என்ன பெயர் என்று தெரியாமல் நிற்பேன். வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். கொஞ்ச நேரம் கழித்து வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பும், வலியையும் கூட்டிக்கொண்டு.

இதைக் கேட்டதும் டாக்டர் பிலோமினா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார்.

"அப்ப ஹார்மோன் மாத்திரை உங்களுக்குக் கிடையாது. இந்த மாதிரித் தலைவலி இருக்கறவங்களுக்கு அது மூளையில ரத்தம் கட்ட வெச்சிடலாம். காப்பர்-டி போட்டுப் பாத்தீங்களா?"

"போட்டேன் டாக்டர். ரத்தம் நிக்கவே இல்ல. எடுத்துட்டாங்க."

"அப்ப மடை வெச்சிடலாம்."

"ஏரி மடை மாதிரியா?" என்று தயாளன் கேட்டான்.

"அதே கதைதான் தம்பி. கருக்குழாய் ரெண்டுலயும் ஒவ்வொரு பலகை. அரிசி முனையளவுதான் இருக்கும். மூடிட்டா முட்டை இந்தப் பக்கம் வராது. திறந்தா பழையபடி வரும். உடம்புல ஒரு சொட்டு மருந்து கலக்காது."

"யார் திறக்கணும்?"

"அவங்க மட்டும்தான். அவங்க குரலுக்குத்தான் திறக்கும், அவங்க குரலுக்குத்தான் மூடும். நீங்க கேட்டாலும் திறக்காது, நான் கேட்டாலும் திறக்காது, கோர்ட்டு சொன்னாலும் திறக்காது." டாக்டர் என்னைப் பார்த்தார். "முன்னாடி மாமியார்கள் மருமகளைக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து திறங்கன்னு நிப்பாங்க. அதுக்காகப் போட்ட சட்டம். உங்க பேர்கூட எனக்குத் தெரியக் கூடாது. டாக்டர் சொந்தக்காரரா இருந்து வீட்டுக்குச் சொல்லிட்டா? எனக்கு நீங்க ஒரு எண்தான்."

நல்ல சட்டம் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மூடியது சுலபமாக நடந்தது. எனக்கு முப்பத்திமூன்று வயது ஆனபோது மாதவிலக்கு முன்னும் பின்னுமாக வர ஆரம்பித்தது. இரத்தம் பரிசோதித்துவிட்டு டாக்டர் பிலோமினா எங்கள் இருவரையும் உட்கார வைத்தார்.

"முட்டை சீக்கிரமாத் தீர்ந்துட்டு வருது. சில பேருக்கு இப்படி ஆகும். இன்னும் ரெண்டு வருஷம்னு வெச்சுக்கங்க. ஊசி போட்டு முட்டை எடுக்கற வேலையெல்லாம் முழுக்க ஹார்மோன், உங்களுக்கு ஆகாது. குழந்தை வேணும்னா மடையத் திறங்க. தள்ளிப் போடாதீங்க."

வீட்டுக்குப் போகும் வழியில் தயாளன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, பொம்மைக்கடை ஒன்றின் கண்ணாடிக்கு முன்னால் சும்மா நின்றான். எதுவும் வாங்கவில்லை. ஆனால் நெடுநேரம் நின்றான்.

மடை திறக்கும் குரல் அறைக்கு முறை கிடைக்கவே ஆறு மாதமானது; ஆஸ்பத்திரியின் கடைசியில் இருந்தது அந்த அறை. கதவை மூடியதும் வெளியுலகம் அணைந்துபோகும். சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு. நம் மூச்சே வேறு யாரோ பக்கத்தில் உட்கார்ந்து விடுவது போலக் கேட்கும். ஒரு பெண் குரல் பேசியது. அன்பான குரல், ஆனால் யாருடைய அன்பு என்று தெரியாத குரல்.

"உங்கள் பெயரைச் சொல்லுங்கள்."

"வேண்டாம்."

"நன்றி. மடையைத் திறக்க விரும்புகிறீர்களா?"

"விரும்புகிறேன்."

"இது உங்கள் சொந்த விருப்பமா?"

"ஆமாம்."

"நன்றி. வெளியே காத்திருங்கள்."

வெளியே திரையில் வந்தது: இயந்திரக் கோளாறு. ஆறு மாதம் கழித்து வரவும்.

"ஆறு மாசமா? இன்னிக்கே இன்னொரு தடவை பாக்கலாமே" என்றேன்.

"அதுக்குள்ள கதவே திறக்காதும்மா" என்றார் டாக்டர் பிலோமினா. என் தோளில் கை வைத்தார். அவர் அப்படிச் செய்கிறவர் அல்ல. தயாளன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, "போலாம்" என்றான்.

அன்றிலிருந்து அவனிடம் ஏதோ மாறியது. என்னவென்று என்னால் சொல்ல முடியவில்லை. சண்டை போடவில்லை, கோபப்படவில்லை. அதிகமாகவே நல்லவனாக இருந்தான். பாத்திரம் துலக்கினான். தலைவலி வந்தால் ஜன்னலுக்குப் போர்வை கட்டினான். ஆனால் குழந்தை என்ற வார்த்தை வந்தால் பேச்சை எடுத்து வேறிடத்தில் வைத்துவிடுவான். வாணியம்பாடியிலிருந்து அவன் அம்மா போன் செய்து, "ஏம்மா, எல்லாருக்கும் திறக்கற மிஷின் உனக்கு மட்டும் ஏன் மக்கர் பண்ணுது?" என்று கேட்டபோது, போனைப் பிடுங்கி, "குறை எனக்கும்மா. அவள ஒண்ணும் கேக்காதே" என்றான். எனக்காகப் பொய் சொல்கிறான் என்று நெகிழ்ந்துபோனேன்.

இரண்டாவது முறையும் கோளாறு. டாக்டர் பிலோமினா என்னைத் தனியே உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்தார். கைக்குட்டை ஒன்றை என் கையில் திணித்தார். வெளியே வந்து பிரித்துப் பார்த்தால் பெண்கள் காப்பகம் ஒன்றின் தொலைபேசி எண் இருந்தது. வேறு யாருக்கோ வைத்திருந்ததை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

மூன்றாவது முறைக்குக் கிளம்பும்போது தயாளன் வாசல் வரை வந்தான். "நீ போகவே வேணாம்" என்றான். "எதுக்கு அலையணும். நாம நல்லாத்தானே இருக்கோம்?"

"நேரமாகுது, விடு" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினேன். இரண்டு வருஷத்தில் ஒன்றரை போய்விட்டிருந்தது. அந்த நாட்களில் என் உடம்பு எனக்கு ஒரு வீடு மாதிரித் தெரியவில்லை. நான் உள்ளே இருக்க, யாரோ வெளியே பூட்டிவிட்டு மறந்துபோன அறை மாதிரித் தெரிந்தது. கதவைத் தட்டுவதற்குக்கூட ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் அனுமதி.

பஞ்சுச் சுவருக்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தையும் தெளிவாக உச்சரித்தேன். முன்பு சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ. "வேண்டாம்" என்றேன், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி. "நன்றி" என்றது அந்தக் குரல்.

கோளாறு.

நான் அழவில்லை. டாக்டர் பிலோமினாதான் எழுந்து கதவைத் தாழிட்டார்.

"நான் கேக்கக் கூடாது. ஆனா கேக்கறேன். வீட்டுக்காரர் அடிக்கிறாரா?"

"யாரு, தயாவா? கரப்பான் பூச்சியக்கூட அடிக்க மாட்டான் டாக்டர்."

"மாமியார்?"

"அவங்க வாணியம்பாடியில இருக்காங்க. வாய்தான்."

"அப்புறம் யாருக்காகம்மா திரும்பத் திரும்ப வர்றீங்க? விருப்பமில்லன்னா வீட்டுலயே இருந்துடலாமே."

"எனக்கு விருப்பமில்லன்னு யார் சொன்னது?"

அவர் ஜன்னலருகே போனார், திரும்பி வந்தார்.

"நான் இப்ப சொல்றது வெளிய போனா என் வேலை மட்டும் போகாது, நிறையப் பொண்ணுங்க அடிவாங்குவாங்க. புரியுதா? அந்த மிஷின் கெட்டுப்போகறதே இல்ல. மூணு வருஷம் முன்னாடி புதுசா ஒண்ணு சேத்தாங்க. வற்புறுத்திக் கூட்டிட்டு வர்ற பொண்ணு உள்ள போய் எங்கயாவது ஒரு தடவை, மெதுவாகவாவது, வேண்டாம்னு சொல்லிட்டா போதும். மிஷின் திறக்காது. வெளிய காத்திருக்கறவங்களுக்குக் கோளாறுன்னு காட்டும். அவமேல பழி வராது. ஆறு மாசம் நிம்மதி. அந்தப் பொண்ணுங்களுக்கு மட்டும் நாங்க முன்கூட்டியே காதுல சொல்லி அனுப்புவோம்."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"அதான் எனக்கும் புரியல. சொல்லாமலே சொல்லியிருக்கீங்க. மூணு தடவையும் 'மறுப்பு'ன்னுதான் எனக்கு வந்தது. எப்பம்மா சொன்னீங்க வேண்டாம்னு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. முதலில் சிரிப்புதான் வந்தது.

"டாக்டர், என் பேர் உங்களுக்குத் தெரியக் கூடாது. இருந்தாலும் சொல்லட்டுமா?"

சொன்னேன். அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. "எது வேண்டாம்?" என்று ஒரு முறை கேட்டார். பிறகு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, கழுத்திலிருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆயிரக்கணக்கான பேரை வெச்சுச் சோதிச்சதாச் சொன்னாங்களே" என்றார். "பெரிய ஊர்ப் பேராவே பாத்திருப்பாங்க."

"எங்க ஊருக்கு வந்திருக்கணும். தெருவுக்கு ஒண்ணு இருக்கு."

"இத எழுதிப் போட்டாத் திருத்துவாங்க. ஆனா என்ன திருத்தறோம்னு வெளிய அறிவிக்கணும், அது சட்டம். அறிவிச்சா ரகசியம் போச்சு." அவர் நெற்றியைத் தேய்த்தார். "பேரை மாத்திக்கவும் முடியாது. மடை வெச்சப்ப சொன்ன பேரைத்தான் கடைசி வரைக்கும் சொல்லணும். இல்லன்னா வேற பொண்ணக் கூட்டிட்டு வந்து பேச வெச்சிடுவாங்க."

நாங்கள் இருவரும் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்திருந்தோம். யாரும் கெட்டவர்கள் இல்லாத ஒரு சுவர் எங்களைச் சுற்றி நின்றது. நல்லவர்கள் யோசித்து யோசித்து, ஓட்டை எதுவும் விடாமல் கட்டிய சுவர். அதில் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார் டாக்டர் பிலோமினா. கடைசியில், "உங்களுக்கு அந்தத் தலைவலி இப்பவும் வருதா?" என்று கேட்டார்.

"வருது."

"வந்தா பேச முடியாது, இல்லையா?"

"கொஞ்ச நேரத்துக்கு."

"கொஞ்ச நேரம்னு நான் எழுத மாட்டேன்." அவர் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். "வாய் பேச முடியாதவங்களுக்குத் தனி வழி இருக்கு. அந்த அறையில பேர் கேக்க மாட்டாங்க. பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு. கட்டைவிரல் வெச்சு அழுத்தணும், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு. ஒரு தடவை பேச்சில்லாதவங்கன்னு பதிஞ்சா பதிஞ்சதுதான். ஆஸ்பத்திரியில, சட்டத்துல, எங்கயும் உங்க வாய்ச்சொல் செல்லாது. ஒரு வாரம் யோசிச்சுட்டு வாங்க."

"ஒரு வாரம் என்கிட்ட இருக்கா டாக்டர்?"

அவர் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

அன்று மத்தியானத்துக்குள் நான் ஊமையானேன். அந்த இன்னொரு அறையில் பஞ்சு இல்லை. தெருச் சத்தம் கேட்டது, யாரோ கரும்புச்சாறு மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சை விளக்கில் கட்டைவிரலை வைத்தேன். உடம்புக்குள் எதுவும் தெரியவில்லை. வெளியே திரையில் 'திறந்தது' என்று வந்தது. டாக்டர் பிலோமினா என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தவர், நர்ஸ் நிற்பதைப் பார்த்து, கையை மட்டும் அசைத்தார். நானும் கையை அசைத்தேன். ஊமைக்கு அதுதானே பாஷை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, தயாளனிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். எப்படித் திறந்தது என்று சொல்லக் கூடாது. திறந்துவிட்டது என்று மட்டும் சொல்ல வேண்டும். ஆறு மாதம் இருக்கிறது. ஆறு மாதம் கொஞ்சம் இல்லை.

சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"தயா, திறந்துடுச்சு."

கை பாதிச் சட்டையில் நின்றது. நான் எதிர்பார்த்த முகம் அது இல்லை.

"யார் உன்ன மிரட்டினது?" என்றான். "அம்மாவா? அம்மா போன் பண்ணாங்களா?"

"யாரும் மிரட்டல. ஏன் இப்படிக் கேக்கற?"

"வேண்டாம், என்கிட்ட நீ பயப்பட வேணாம். எனக்குத் தெரியும்." அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். "முதல் தடவையே தெரியும். கோளாறுன்னு வந்தா என்ன அர்த்தம்னு எங்க ஒர்க் ஷாப்புல எல்லா ஆம்பளைக்கும் தெரியும். பொண்டாட்டி உள்ள போய் மறுத்துட்டான்னு அர்த்தம். ஒருத்தன் சொல்லி அழுதான்கூட. ரெண்டு பேர் வீட்டுக்குப் போய் அடிச்சிருக்கானுங்க. நான் உன்ன ஒரு வார்த்தை கேட்டேனா?"

டாக்டர் பிலோமினா கதவைத் தாழிட்டுச் சொன்ன ரகசியம் அது. நான் தரையில் உட்கார்ந்தேன்.

"நீ என்ன நினைச்சே தயா? நான் உள்ள போய் என்ன சொன்னேன்னு நினைச்சே?"

"வேண்டாம்னு சொன்னே."

"ஆமா. சொன்னேன். பேர் என்னன்னு கேட்டாங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் உதடுகள் சத்தமில்லாமல் என் பெயரை ஒரு முறை சொல்லிப் பார்த்தன, இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தன. இத்தனை வருஷமாகக் கூப்பிட்ட பெயரை அவன் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டான் என்று தோன்றியது.

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும். அது பேருன்னு மிஷினுக்குத் தெரியல."

"எனக்குத் தெரியுமே" என்றான். "எனக்குத் தெரிஞ்சிருக்கணுமே."

"ஒரு தடவை கேட்டிருக்கலாம் நீ."

"கேட்டா என் முகத்துக்காகச் சரின்னு சொல்லிடுவியோன்னு பயந்தேன். அப்படி வர்ற குழந்தை எனக்கு வேணாம்னு..." அவன் நிறுத்தினான். சட்டையை மறுபடி மாட்ட ஆரம்பித்தான், எங்கோ உடனே கிளம்ப வேண்டியவன் போல. பித்தான் துவாரத்துக்குள் போகவில்லை.

"போன மாசம் பெங்களூர் போனேன்ல."

"கம்ப்ரசர் டிரெயினிங்."

"டிரெயினிங் இல்ல." தரையைப் பார்த்துச் சொன்னான். "ஆம்பளைங்களுக்கு ஒரு ஊசி வந்திருக்கு. விந்துக்குழாய்ல பசை மாதிரி ஒண்ண விடறாங்க, அது கெட்டியாகி அடைச்சுக்கும். ஹார்மோன் எதுவும் கிடையாது, வலியும் அவ்வளவு இல்ல. உன் ரெண்டு வருஷம் முடியற வரைக்கும் எங்கம்மாவுக்காக நீ போயிட்டுப் போயிட்டு வருவே, பொய் சொல்லிட்டே இருக்கணும். குறை எனக்குன்னு நிஜமாவே ஆயிட்டா உன்ன யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கன்னு பாத்தேன்."

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப உதைத்தார்கள். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார்கள்.

"திருப்பி எடுக்கலாமா?"

"எடுக்கலாம். அதைக் கரைக்கறதுக்கு இன்னொரு மருந்து. வந்துட்டே இருக்குன்னாங்க."

"எப்ப வரும்?"

"ரெண்டு வருஷம். மூணு ஆகலாம்."

நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் கை சில்லென்றிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேனா, அதுவே என் கைக்குள் வந்ததா தெரியவில்லை. என் உடம்பு திறந்திருந்தது. அதை யாரும் எட்ட முடியாது. எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அங்க உன்ன என்ன கேட்டாங்க தயா?"

"எங்க?"

"பெங்களூர்ல. ஊசி போடறதுக்கு முன்னாடி."

"பேரு கேட்டாங்க. கையெழுத்துப் போடச் சொன்னாங்க."

"தனி அறையில கூட்டிட்டுப் போய்ப் பேசச் சொல்லலையா?"

"இல்ல. வரிசையில நின்னோம்."

"சொந்த விருப்பமான்னு?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று.

"கேக்கல. எல்லாம் முடிஞ்சப்புறம் ஒரு நர்சம்மா டீ வேணுமான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"வேண்டாம்னேன்" என்றான். "சரின்னு எடுத்துட்டுப் போயிட்டாங்க."